உறை பிரிக்காத காற்று

எங்கள் வீட்டு டி.வி. ரிமோட்டுக்கு இன்னும் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறை இருக்கிறது. நாள்பட்டு அது மஞ்சளாகிப்போனதால் உள்ளே இருக்கும் எண்கள் தெரியாது. தடவிப் பார்த்துத்தான் அழுத்த வேண்டும். செய்தி கேட்கலாமென்று அழுத்தினால் நகைக்கடை விளம்பரம் வரும். சோபாவுக்கும் உறை உண்டு. சித்திரை வெயிலில் அதில் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் தொடைத்தோலைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டு வருவது போலிருக்கும். ஃப்ரிட்ஜ் கைப்பிடி, மிக்ஸியின் நெற்றி, ஸ்கூட்டர் சீட் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். கரூர்ப் பக்கம் எங்கள் குடும்பத்தில் இது கிட்டத்தட்ட ஒரு மதம். உறை இருக்கும்வரை பொருள் புதுசு. பிரித்த அன்றைக்கே அது பழசு.

கல்யாணமான புதிதில் என் மனைவி சொன்னாள்: "நல்ல வேளை, எங்கப்பா என்னைக் கவர் போட்டுக் குடுக்கல. குடுத்திருந்தா இன்னிக்கு வரைக்கும் பிரிக்காம ஷோகேஸ்ல வச்சிருப்பீங்க."

சிரித்தேன். பின்னால் இதற்காக அழப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

அந்த எங்கப்பா, அதாவது என் மாமனார், திருமழிசைக்காரர். தொழிற்பேட்டைக்குப் போனது போக மிச்சமிருந்த வயலில் கொஞ்சம் கீரை போட்டுக்கொண்டு, மீதி நேரம் ஊரில் உள்ள எல்லோருடைய விஷயங்களையும் கவனித்துக்கொண்டு இருந்தவர். அவர் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டென்பதே பலருக்குத் தெரியாது. யாராவது எப்போதும் உள்ளே இருப்பார்கள். அப்படிப்பட்ட மனிதருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரம் தவறாமல் டயாலிசிஸ், உப்பில்லாத சாப்பாடு, அளந்து குடிக்கும் தண்ணீர் என்று ஆள் பாதியாகிவிட்டார். கடைசியில் என் மாமியார் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். பொருந்தியது. அறுவை முடிந்து கண் விழித்ததும் மாமா சொன்ன முதல் வாக்கியம் இது:

"இத்தினி வருசமா வெளிய இருந்து அதிகாரம் பண்ணிகினு இருந்தா. இப்போ உள்ளயே பூந்துகினா மாப்ளே."

அவரை மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா என்னையும் மனைவியையும் உட்கார வைத்துப் பேசினார். புதுச் சிறுநீரகத்தை உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்கிவிடக்கூடாது என்பதற்காக மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த மாத்திரை உடம்பின் காவலாளிகள் எல்லோருடைய கையையும் கட்டிப்போட்டுவிடும். நமக்கு இரண்டு நாள் தும்மலோடு போகிற சளி அவரைப் படுக்கையில் தள்ளலாம். கொடுத்த சிறுநீரகமே போனாலும் போகலாம். ஆகவே கூட்டம் கூடாது. யார் வந்தாலும் மாஸ்க். சளி, இருமல் உள்ளவர்கள் வாசல்படி மிதிக்கக் கூடாது. அறையில் நல்ல காற்று இருக்க வேண்டும்.

பரீட்சையில் தெரிந்த கேள்விக்கு மட்டும் பத்துப் பக்கம் எழுதுகிற மாணவன் நான். அவர் சொன்னதில் 'நல்ல காற்று' ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் அதற்கு ஒரு மெஷின் இருக்கிறது.

திருமழிசை வீட்டைச் சுற்றி பட்டறைத் தூசி, வீட்டுக்குள் ஊர் ஜனம். அதனால் கொரட்டூர் ஏரிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் முதல்மாடி ஃப்ளாட்டுக்கே இருவரையும் அழைத்து வந்தோம். அவர்கள் வருவதற்கு முன்பு நான் வீட்டைத் தயார் செய்தேன். ஏரியைப் பார்த்த ஜன்னல்களை இழுத்துச் சாத்தி, சந்துகளில் அட்டைப்பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பை வரிசையாக ஒட்டினேன். பால்கனிக் கதவுக்குக் கீழே பழைய லுங்கியைச் சுருட்டி வைத்தேன். கிருமி என்பது அம்பத்தூர் எஸ்டேட் பக்கமிருந்து மூட்டை முடிச்சோடு கிளம்பி, ஏரியைத் தாண்டி, நம் ஜன்னல் வழியாக ஏறிக் குதிக்கிற ஆசாமி என்பது என் எண்ணம்.

பிறகு மெஷின் வந்தது. வெள்ளையாக, உயரமாக, நெற்றியில் வட்டமாக ஒரு விளக்கோடு. காற்று சுத்தமாக இருந்தால் பச்சை, கெட்டுப்போனால் சிவப்பு. இழுத்த காற்றிலிருந்து அழுக்கைப் பிடித்துவைக்கும் சல்லடை ஒன்று வயிற்றுக்குள் இருக்கிறதென்று பெட்டியின்மேல் படம் போட்டிருந்தது. சந்தனம், குங்குமம் வைத்தேன். அத்தை, தையல் இழுக்கிறதென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து, கற்பூரம் ஏற்றி அதற்கு ஒரு சுற்றுக் காட்டினார். அவ்வளவுதான். விளக்கு ரத்தச் சிவப்பாகி, மெஷின் உறுமத் தொடங்கியது.

"ஐயே! இதுக்கு சாமி வந்துட்சிடி!" என்று அத்தை கற்பூரத் தட்டோடு பின்வாங்கினார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா அத்தை, எவ்ளோ சென்சிடிவ்!" என்றேன்.

மறுநாள் மனைவி சாம்பாருக்குத் தாளித்தாள். கடுகு வெடித்ததும் ஹாலில் சிவப்பு. மிளகாய் கருகியதும் உறுமல். அடுப்பு அணைந்த பிறகும் வெகுநேரம் மெஷின் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அன்று மாலையே உத்தரவு போட்டேன்: மாமா குணமாகும்வரை இந்த வீட்டில் தாளிப்புக் கிடையாது.

"தாளிக்காம எப்படிங்க சமைக்கிறது?"

"வேகவச்சு."

அப்படியே வேகவைத்தாள். ரசம் வந்தது. மாமா ஒரு வாய் வைத்துவிட்டு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா மாப்ளே இது? ரசமா, தட்டு கழுவுன தண்ணியா?"

"உங்க நல்லதுக்குத்தான் மாமா."

"டயாலிசுல கூட இவ்ளோ கஸ்டம் இல்ல நைனா."

ஆனால் விளக்கு பச்சையாக இருந்தது. ஆபீசில் இருக்கும்போதும் மனைவிக்கு போன் செய்து "என்ன கலர்?" என்று கேட்பேன். ஐ.டி. கம்பெனியில் எனக்கு டெஸ்டிங் வேலை. அடுத்தவர்கள் செய்ததில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. இதை இங்கே சொல்லிவைக்கிறேன், பின்னால் உங்களுக்குச் சிரிக்க உதவும்.

அடுத்து, பார்க்க வருகிறவர்கள். மாமாவின் ஊரில் உடம்பு சரியில்லாதவரைப் போய்ப் பார்ப்பது கடன் மாதிரி. போகாதவனின் பெயர் சாகும்வரை நினைவில் இருக்கும். அவன் வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டே, "நான் ஆஸ்பத்திரில கெடந்தப்போ எட்டிப் பாத்தானா இவன்?" என்பார்கள். ஆகவே வந்தார்கள். ஹைவேயில் பஸ் பிடித்து வந்தார்கள், ஷேர் ஆட்டோவில் வந்தார்கள், வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி வந்தார்கள். ஆளுக்கொரு ஆப்பிள் பை.

மனைவி வாசலிலேயே மறிக்கப் பார்த்தாள். "டாக்டர் கூட்டம் வேணாம்னு சொன்னாங்கள்ல?"

நான்தான் அவளை ஓரம் கட்டினேன். "பரவாயில்ல, வரட்டும். மெஷின் இருக்கு. சீக்கிரம் உள்ள வாங்க, கதவைச் சாத்தணும், நல்ல காத்து வெளிய போயிடும்."

மாஸ்க் கொடுத்தோம். வாங்கி மாட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்ததும் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். "மூஞ்சிய மூடிகினு வந்து இன்னாத்த பாக்கறது?" என்றார் மாமாவின் பங்காளி. பெரியப்பா மகன். உருவத்திலும் குரலிலும் ஒரு லாரி. ஒருநாள் அவர் பேசிக்கொண்டே இருந்தவர் மூக்கைச் சுளித்து, கண்ணை மூடி, ஒரு தும்மல் போட்டார் பாருங்கள், சுவரில் இருந்த காலண்டர் ஆடியது. நான் சட்டென்று மெஷினைப் பார்த்தேன்.

பச்சை. கண் சிமிட்டவில்லை.

"பாத்தீங்களா!" என்று கூவினேன். "அப்படியே இழுத்துடுச்சு!"

பங்காளி என்னை மரியாதையோடு பார்த்தார். "சோக்கா கீது மாப்ளே" என்று இன்னொரு முறை தும்மினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நிற்க இடமில்லை. ஜன்னலெல்லாம் டேப், வாசல் சாத்தல், உள்ளே திருமழிசையில் பாதி. நடுவே மாமா ராஜா மாதிரி சாய்ந்திருந்தார். பங்காளி மறுபடி வந்திருந்தார், மெஷினைப் பார்க்கவே இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு.

"இது இன்னா, பாட்டுப் பொட்டியா?" என்றார் அவர்களில் ஒருவர்.

"கிருமி புடிக்கிற மிசினு. எங்க மாப்ள வாங்கினது" என்றார் மாமா. அவர் குரலில் அவ்வளவு பெருமை.

"புடிச்சதெல்லாம் எங்க கீது?"

"உள்ளதான்."

"அப்போ தொறந்து காட்டு மாப்ளே, பாப்போம். எத்தினி கிலோ சேந்திருக்கும்?"

இந்த மாதிரி ஒரு சந்தர்ப்பத்துக்காகவே நான் பிறந்தேன் என்று தோன்றியது. எல்லோரையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன், அழுக்கு மேலே விழக்கூடாதல்லவா. மெஷினைத் திருப்பி, முதுகு மூடியைப் பிடித்து இழுத்தேன். 'டப்' என்று கழன்றது.

உள்ளே சல்லடை பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. மடிப்பு மடிப்பாக, புத்தம் புதிதாக, பளபளவென்று. அந்தப் பளபளப்பு சல்லடையுடையது அல்ல. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையுடையது. நான்கு பக்கமும் ஒட்டி மூடிய உறை. ஓரத்தில் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம்கூட அப்படியே. உறையின் நடுவே கட்டை எழுத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரிகிற இங்கிலீஷில் ஒரு வரி. பயன்படுத்தும் முன் இந்த உறையை நீக்கவும்.

இத்தனை நாளும் அந்த மெஷின் வெறும் சத்தம் போட்டிருக்கிறது. நானாகப் பிரிக்காத எத்தனையோ உறைகளோடு, நான் பார்க்கவே பார்க்காத ஓர் உறையும் என் வீட்டில் பிரிக்கப்படாமல் இருந்திருக்கிறது. அதை நம்பி, கை கட்டப்பட்ட உடம்போடு ஒரு மனிதர் இந்த மூடிய பெட்டிக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"கிருமியே இல்ல போல கீதே" என்றார் பங்காளி, எனக்கு உதவி செய்வதாக நினைத்து.

அத்தை மெதுவாக எழுந்து வந்து அந்த உறையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் இடுப்புத் தையலைத் தொட்டுக்கொண்டார்.

"என் கிட்னிய இந்த மிசின நம்பி வுட்டேனே மாப்ளே."

அதட்டவில்லை. கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனைவி அதற்குள் ஜன்னலுக்குப் போய்விட்டாள். டேப்பின் நுனியைத் தேடிப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். 'சர்ர்ர்' என்ற அந்தச் சத்தம் என் முதுகுத்தோலை உரித்தது மாதிரி இருந்தது. ஏரிக் காற்று உள்ளே வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துவிட்டார்கள். அப்போதுதான் அதுவரை அறை எவ்வளவு புழுங்கிக் கிடந்ததென்று எனக்கே உறைத்தது.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில் மாமா காபியைக் குறை சொல்லவில்லை. தெர்மாமீட்டரைத் தேடுவதற்கு முன்பே எனக்கு அதில் தெரிந்துவிட்டது. வந்த நாளிலிருந்து காபியைத் திட்டாமல் அவர் குடித்ததே இல்லை. அன்று டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். நெற்றியைத் தொட்டேன். சுட்டது.

காரை எடுத்தேன். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஷிஃப்டு மாறுகிற நேரம். கம்பெனி பஸ்களுக்கு நடுவே ஊர்ந்தோம். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். மாமா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அத்தை அவருடைய அடிவயிற்றில், புதுச் சிறுநீரகம் வைத்த இடத்தில், உள்ளங்கையை வைத்து அழுத்தாமல் மூடிக்கொண்டிருந்தார். பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்தக் கை இறுகியது.

"மெதுவா போ மாப்ளே" என்றார். முதல் முறையாக எனக்கு 'ங்க' போடவில்லை.

உடனே அட்மிஷன். ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டேப், லுங்கி, மெஷின், உறை. உறையைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஜன்னலை ஏன் சார் மூடினீங்க?"

"வெளியில இருந்து கிருமி வராம இருக்க."

"கிருமி ஏரில இருந்து பறந்து வரல சார். ஆளுங்க மூச்சுல இருந்து வருது. பேசினா, இருமினா, தும்மினா வருது. ஜன்னல் தொறந்திருந்தா கலைஞ்சு வெளிய போயிடும். மூடி வச்சா அங்கேயே சுத்தும். ஒருத்தர் விட்டதை இன்னொருத்தர் இழுப்பாங்க."

"ஆனா டாக்டர், ஒருத்தர் தும்மினாரு, அப்பக்கூட பச்சை லைட்தான்..."

"அந்த லைட்டுக்குப் புகையும் தூசியும்தான் தெரியும். தும்மினது யாரு, என்ன சளின்னு அதுக்கு என்ன தெரியும்? கவரைப் பிரிச்சு ஓட்டியிருந்தா மெஷின் கொஞ்சம் உதவியிருக்கும். ஆனா அத்தனை பேரை உள்ள விட்டுட்டு எந்த மெஷினை வச்சாலும் பத்தாது."

வராந்தாவில் வந்து உட்கார்ந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எதுவும் செய்யாத கடுகை வீட்டைவிட்டுத் துரத்தினேன். கிருமிக்கு நாற்காலி போட்டு, கதவைச் சாத்தி, நல்ல காற்று வெளியே போகாமல் பார்த்துக்கொண்டேன். ஆபீசில் அடுத்தவன் எழுதிய புரோகிராமில் ஒரு புள்ளி விட்டுப்போனால் நான் எழுதுகிற நீளமான மெயில்கள் ஞாபகத்துக்கு வந்தன. எங்கள் குடும்பத்தில் இப்போது எல்லோருக்கும் தெரிந்த புது இங்கிலீஷ் சொல் கிரியாட்டினின். ரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகம் தள்ளாடுகிறதென்று அர்த்தம். அந்த எண்ணுக்காகக் காத்திருந்தபோது, வீட்டைப் பூட்டிவிட்டுப் பின்னால் வந்த மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரிமோட் கவரைப் பிரிச்சுப் போட்டுட்டு வந்தேன்" என்றாள். "சோபாவோடதையும்."

எண் ஏறவில்லை. சாதாரணச் சளிக்காய்ச்சல்தான், யாரிடமிருந்தோ ஒட்டியது. சில நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அத்தை டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னுது நல்லா கீதா?" என்று கேட்டார். "உங்களோடது ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார் அவர். மாமா படுக்கையிலிருந்தே சொன்னார்: "அவளோடதுன்னா நல்லாத்தான் இருக்கும். எங்கூட சண்ட போட்டுப் போட்டு நல்லா எக்சைஸ் ஆகியிருக்கு."

வீட்டில் ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்தோம். இருபக்கமும் திறந்து வைத்தோம். அடுக்களைப் புகையை வெளியே தள்ளும் ஃபேனை ஓடவிட்டு மனைவி தாளித்தாள். மெஷினும் உறையில்லாமல் ஓடுகிறது, அது பாட்டுக்குச் சிவக்கும், யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. எனக்குத் தொண்டை கரகரத்தாலே அத்தை என்னை மாஸ்க் போட வைத்துவிடுவார்.

ஆட்கள் வருவதை மட்டும் அடியோடு நிறுத்தினேன். அதில்தான் புதுச் சிக்கல். மாமா சுருங்கிப்போனார். வாசல் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். லிஃப்ட் சத்தம் கேட்டால் நிமிர்வார், அது வேறு மாடிக்குப் போனால் தலை சாய்ந்துவிடும். ஊரிலோ "மாப்ள வரவே வாணான்ட்டாராம்" என்று பேச்சு. காய்ச்சலில் விழாத மனிதர் இதில் விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்தது.

ஒருநாள் மாலை கீழேயிருந்து லாரி ஹாரன் மாதிரி ஒரு குரல். "அண்ணாத்தே!"

பங்காளி. வாட்ச்மேன் மேலே விடவில்லை, நான்தான் சொல்லிவைத்திருந்தேன். கார் நிறுத்துமிடத்தில் ஆப்பிள் பையோடு அண்ணாந்து நின்றார். மாமா யாரையும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே இழுத்துப் பால்கனியில் போட்டு உட்கார்ந்தார். மேலே வானம், சுற்றிலும் ஏரிக் காற்று, கீழே ஒரு மாடித் தூரத்தில் பங்காளி. டாக்டரம்மா பார்த்திருந்தால் கையைத் தட்டியிருப்பார்.

"எப்டி கீறே அண்ணாத்தே?"

"நல்லா கீறேன்டா!"

"ஒண்ணுக்கு நல்லா போதா?"

நான் உள்ளே அப்படியே உறைந்து நின்றேன். சிறுநீரகம் மாற்றியவரிடம் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எதிர் ஃப்ளாட் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"சோக்கா போதுடா! காலைலேந்து ரெண்டு லிட்டரு!"

"அது போதும் அண்ணாத்தே!"

இப்போது அதுதான் வழக்கம். சாயங்காலமானால் கீழே ஆள் சேர்ந்துவிடும். கயிற்றில் கூடை கட்டி ஆப்பிளை மேலே இழுத்துக்கொள்கிறோம். எங்கள் மாமனாரின் அன்றாடச் சிறுநீர்க் கணக்கு அபார்ட்மென்ட் முழுவதற்கும் மனப்பாடம். அசோசியேஷன் செயலாளர் புகார் சொல்லத்தான் வந்தார். வந்தவர், "இன்னிக்கு எவ்ளோ சார்?" என்று அவரே அண்ணாந்து கேட்டுவிட்டுப் போனார்.

முதல் கேள்வி எப்போதும் ஒண்ணுக்குப் பற்றியது. இரண்டாவது கேள்வியை யார் தொடங்கிவைத்தார்கள் என்று எனக்குத் தெரியும், அந்தத் தும்மல்காரர்தான். இன்று புதிதாக வந்த ஒருவர்கூட, என்னைப் பார்த்தறியாதவர், முதல் கேள்வியை முடித்துவிட்டுக் கீழேயிருந்து கத்தினார்:

"அண்ணாத்தே! மாப்ள கவர பிரிச்சிட்டாரா?"

மாமா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஏரிக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும்படி பதில் சொன்னார்:

"அவரு எங்க பிரிச்சாரு! எம்பொண்ணு பிரிச்சா!"